பிரித்துத் தைத்த கோட்டு

"கோட்டைக் கழட்டு."

மேனேஜர் மேடம் கையை நீட்டினார். வரவேற்பு மேஜைப் பெண் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். ஓட்டலின் யூனிஃபார்ம் அறையில் இஸ்திரிப் பெட்டி மட்டும் புஸ்ஸென்று மூச்சு விட்டது.

மேடம் கோட்டின் உட்புறத்தைத் திருப்பினார். பக்கத் தையலோரம் பழைய ஊசித் துளைகள்.

"எத்தனை தடவை பிரிச்சீங்க?"

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "மூணு தடவை இருக்கும்மா. சலவைக்கு வரும்போது கொஞ்சம் விட்டுக் குடுப்பேன். பாப்பா மனசு நோகக் கூடாதேன்னு சொல்லல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியில் உப்பிய முகம் பயமுறுத்திய போதெல்லாம், 'கோட்டு சரியாத்தானே இருக்கு' என்றுதான் மனதைத் தேற்றிக்கொண்டு வந்தாள்.

"இனி ஒரு நூல்கூடப் பிரிக்கக் கூடாது" என்ற மேடம் அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில உன் இடத்துல வேற பொண்ணு நிப்பா. நீ என்கூட வா."

போச்சு. இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

மேஜைக்குத் திரும்பியதும் தோழி காதைக் கடித்தாள். "அந்த ஒட்டடைக்குச்சி மேடம் ரெண்டு பிளேட் கேக்கை உள்ளே தள்ளிட்டு இளைச்சுக்கிட்டே போகுது. நீ தண்ணி குடிச்சாலே ஊதுற. கடவுளுக்குக் கண்ணே இல்லடி!"

"நேத்து என் கழுத்தையே முறைச்சுப் பாத்தாங்க. குளிருதா, தூக்கமா வருதா, முடி கொட்டுதான்னு ஒரே கேள்வி."

"சீட்டைக் கிழிக்கக் காரணம் தேடுதுடி."

அன்றைக்கு அவள் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. விடிவதற்குள் இளைத்துவிட மாட்டோமா என்று ஒரு நப்பாசை.

காலையில் மேடத்தின் கார், அவள் பயந்ததுபோல் தலைமை அலுவலகத்தில் நிற்காமல் தாண்டிப் போய் ஒரு கிளினிக் வாசலில் நின்றது. வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர் கையாலேயே எழுதி வாங்கப் போகிறார்களோ?

"மேடம், சத்தியமா நான் தின்னு தின்னு இப்படி ஆகல."

"தெரியும். உள்ளே போ."

டாக்டர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "தைராய்டு மந்தமா இருக்குற மாதிரி தெரியுது. அந்த ஹார்மோன் குறைஞ்சா உடம்பு சாப்பிட்டதைச் சரியாச் செலவழிக்காது. கொழுப்பு சேரும், நீர் கோத்துக்கும். பட்டினி கிடக்குறியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முதல்ல அதை நிறுத்து. ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், மாத்திரையிலேயே சரிபண்ணிக்கலாம்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வேலைக்கு லாயக்கில்லை என்ற பேச்சே எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நர்ஸ் மேடத்தைக் கடிந்துகொண்டிருந்தாள்.

"டாக்டர் உங்களுக்குக் குடுத்த நேரத்தைத் தூக்கி அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டீங்களே! டாக்டர் இப்பவே ஊருக்குக் கிளம்புறார், இனி அடுத்த மாசம்தான். அவளுக்குக் குறையுற தைராய்டு உங்களுக்குத் தாறுமாறாச் சுரக்குது. எவ்வளவு சாப்பிட்டும் ஆள் உருகிக்கிட்டே போறீங்க, நெஞ்சு வேற படபடன்னு அடிச்சுக்குது. அதுவரைக்கும் தாங்குவீங்களா?"

"மெதுவாப் பேசுங்க சிஸ்டர்" என்றார் மேடம். "அவ காதுல விழுந்துடப் போகுது."