மேடத்துக்குத் திருப்தி இல்லை

"என் வீட்டுக்காரி வண்டியிலதான் இருக்கா. ரொம்பக் கோபமா இருக்கா" என்றார், சடையன் என்ற நாயின் சொந்தக்காரர்.

சடையன் மேசைமேல் நின்று உடம்பை உலுக்கியது. தண்ணீர் அதைக் குளிப்பாட்டிய பெண்ணின் முகத்தில் தெறித்தது. நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் அந்தக் கடையில் அதற்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு டிரையரை அணைத்தாள்.

"இப்ப என்ன சார் குறை?"

"போன தடவை காதுக்குள்ள ஈரம் அப்படியே இருந்துச்சாம். பின்னங்கால்ல ஒரு நகம் வெட்டவே இல்லையாம். ஒரு நாயக் குளிப்பாட்ட இவ்வளவு நேரமாங்கிறா. உள்ள கதவைச் சாத்திக்கிட்டுக் கதை பேசுறீங்களாம்."

கல்லாவில் இருந்த முதலாளியம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அவள் சடையனின் காதை மறுபடி தொட்டுப் பார்த்தாள். நாயைக் குளிப்பாட்டுவது என்றால் ஒரு வாளித் தண்ணீரை மேலே கொட்டுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். டிரையர் சத்தத்துக்கே சடையன் நடுங்கும். அதன் தாடையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஏதாவது பேசிக்கொண்டேதான் காதைத் துடைக்க வேண்டும். மணிக்கட்டில் பல் பட்ட தடம் இருந்தது. அதை யாரிடம் காட்டுவது?

"அப்புறம், ரிப்பனைக் கோணலாக் கட்டுறீங்களாம்" என்றார் அவர்.

"ரிப்பன் கட்டுறதையே நிறுத்தி எவ்வளவோ நாளாச்சே சார். ஒரு நாய் கடிச்சு முழுங்கிடுச்சு. அதுக்கப்புறம் எதுக்குமே கட்டுறதில்ல."

அவர் சடையனின் தலையைப் பார்த்தார். "அப்படியா? அவ சொன்னா."

குறை சொல்ல வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டால் இல்லாத ரிப்பனும் கோணலாகத்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதலாளியம்மா அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "இது எத்தனாவது தடவைடி? இன்னொரு தடவை அந்த மேடம் வாயைத் திறந்தா, நீ வேற இடம் பாத்துக்க. சொல்லிட்டேன்."

"முன்னாடியாவது நேர்ல வருவாங்கக்கா. காதுக்குள்ள விரலை விட்டுப் பாத்துட்டு மூஞ்சிக்கு நேரே திட்டுவாங்க. அது பரவாயில்ல. இப்ப வண்டியில உக்காந்துக்கிட்டு புருஷனைத் தபால்காரர் ஆக்கிட்டாங்க." அவள் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தாள். "நானே போய்ப் பேசிட்டு வரேன்."

சடையனின் சொந்தக்காரர் வாசலை மறித்தார். "வேண்டாம்மா. தலைவலின்னு சாஞ்சு படுத்திருக்கா."

"ரெண்டே வார்த்தை சார். இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற வழியில்ல."

"நான் சொல்லிக்கிறேன்."

"நீங்க சொல்லிச் சொல்லித்தானே சார் இங்க வந்து நிக்குது."

அவள் தெருவைக் கடந்தாள். எதிர்ப்பக்க மரத்தடியில் வண்டி நின்றது. கறுப்புக் கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்தது. மெதுவாகத் தட்டினாள்.

"மேடம், நான்தான். காதை நான் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுத்தான் அனுப்புறேன். சடையன் வீட்டுக்குப் போறதுக்குள்ள எதுலயாவது தலைய விட்டுருக்கும். உங்களுக்கே தெரியும்ல அவனை. என்னைத் திட்டுங்க, தாங்கிக்கிறேன். ஆனா எங்கக்காகிட்ட ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க மேடம்."

பதில் இல்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. இன்னொரு முறை தட்டினாள். பிறகு, துணிந்து கதவைத் திறந்தாள்.

முன் இருக்கையில் யாரும் இல்லை. பின்னாலும் இல்லை. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையை மூடியதுபோலச் சடையனின் வெள்ளை முடி அப்பியிருந்தது. மனிதர் யாரும் அதில் உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும்.

அவர் பின்னால் வந்து நின்றார். அவளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் அவ சாவுக்கு வந்தவங்க" என்றார். "எங்க போனாலும் குரலைத் தாழ்த்திக்கிறாங்க. உங்க கடைக்கு மட்டும்தான் விஷயம் தெரியாது. நான் முதல் தடவை சடையனைக் கூட்டிட்டு வந்தப்ப, 'மேடம் வரலையா சார், திட்ட ஆளில்லாம கடையே வெறிச்சோடிக் கிடக்கு'ன்னு சிரிச்சீங்க. 'வண்டியில இருக்கா'ன்னு வாயில வந்துடுச்சு."

அவள் திரும்பி அந்தக் காலி இருக்கையைப் பார்த்தாள்.

"அவ வீட்டுல என்ன சொல்லுவாளோ அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். புதுசா எதுவும் சொல்லத் தெரியல. உங்க வேலைக்கு உலை வைக்கிறேன்னு தோணவே இல்ல. உள்ள போய் உண்மையச் சொல்லிடுங்க. நான் இனிமே வரல."

அவள் வண்டிக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். இருவரும் தெருவைக் கடந்து வந்தார்கள். அவர் கடைக்குள் வராமல் படியிலேயே நின்றுவிட்டார்.

முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். "என்னடி, என்ன சொல்றாங்க மேடம்?"

"நல்லாத் திட்டுனாங்கக்கா. ஆனா அடுத்த தடவையும் நான்தான் குளிப்பாட்டணுமாம்."