பேர் கேட்ட புறா

“சும்மா தாறேன்னு சொன்னவனுக்குப் பேரு வேணுமாம், பேரு!”

விஜயதாஸ் சிரித்தார். காரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிறிய சபை ஒன்றுக்கு அவர் பதினெட்டு வருடமாகச் செயலாளர். அவர் சிரித்தால் கமிட்டியும் சிரிக்க வேண்டும். சிரித்தது.

மேஜைமேல் சபையின் நூற்றாண்டு மலர், கடைசி புரூஃப். அட்டையில் ஒலிவக் கிளையோடு ஒரு புறா. அதன் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல், படம் வரைந்தவரின் பெயர் ஒரே ஒரு வரி.

“நீங்கதான மாமா இந்தப் புறாதான் வேணும்னு சொன்னிய?” என்றாள் ஜெஸ்மி. வெள்ளறடை ஜங்ஷனில் டி.டி.பி. கடை வைத்திருப்பவள். மூன்று மாதமாக மலர் அவள் பொறுப்பு.

“சொன்னேன். நெட்டுல ஃப்ரீயாக் கிடந்தது, எடுத்தோம். கிடந்தத எடுக்கதுக்கு என்னத்துக்குப் பேரு?”

“கிடக்கல்ல மாமா, அவரு வச்சிருக்காரு. எடுக்கலாம், அச்சடிக்கலாம், விக்கவும் செய்யலாம். எனக்க பேர மட்டும் போடணும்னு கீழ எழுதியிருக்கு. நெட்டுல எல்லா ஃப்ரீயும் ஒரே ஃப்ரீ இல்ல.”

“கீழ எழுதியிருக்கத எல்லாம் ஆராக்கும் வாசிக்கியது?”

நியாயமான கேள்வி. உலகம் ‘சம்மதம்’ என்று அமுக்கிவிட்டுப் போய்விடும். ஜெஸ்மி வாசிக்கிற இனம்.

“பேரே வேண்டாம்னு போட்ட படமும் உண்டு. அத வைக்கட்டா?” லேப்டாப்பைத் திருப்பினாள்.

“இது புறாவா, கோழியா? எனக்கு அந்தப் பழைய புறாதான் வேணும். பேரு மட்டும் வேண்டாம்.”

“ஒரு வரிதானே, கிடந்திட்டுப் போகட்டு” என்றார் பெண்கள் சங்கத்து சுகிர்தபாய்.

“அக்கா, நீங்க சும்மா இரிங்க. இது கொள்கையாக்கும். தருமம் குடுக்கியவன் பேரு கேப்பானா? குடுத்தா மறந்திரணும். அவனவன் பேர எழுதி வைக்கதுக்கு இது சபையா, சந்தைக்கடை போர்டா?”

கமிட்டி தலையாட்டியது. ஆமென் சொல்லாததுதான் குறை.

“அந்த வரிய எடுத்தா படமும் நமக்கு இல்ல மாமா. களவாக்கும். நான் அச்சுக்கு விடமாட்டேன்.”

“விடாண்டாம். நெய்யாற்றின்கரையில வேற ஆளு உண்டு. நூறு வருசத்து மலரு உனக்க பிடிவாதத்துக்கு நிக்காது.”

ஜெஸ்மியின் முகம் சிறுத்துப்போனது.

விஜயதாஸ் சிவப்புப் பேனாவைத் திறந்தார். புரூஃப் தாள் காற்றில் படபடத்தது. ஒரு முனையை அமுக்கினார், மறுமுனை எழும்பியது.

“மக்கா, அந்த ஃபேன நிறுத்து. ஒரே வெட்டு.”

அவள் எழுந்துபோய் நிறுத்தினாள்.

ஓடுகிற ஃபேன் நின்றால் அண்ணாந்து பார்ப்பது மனித இயல்பு. கமிட்டி மொத்தமும் பார்த்தது.

மூன்று இறக்கைகள். ஒன்று விட்டுப்போனாலும் இன்னொன்று சொல்லும்படி, மூன்றிலும் சிவப்புப் பெயின்ட்டில் ஒரே வாசகம். சுகிர்தபாய் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துக்கூட்டி, சத்தமாகவே வாசித்தார்:

“அன்பளிப்பு... எம். விஜயதாஸ்... செயலாளர்.”

விஜயதாஸ் பேனா மூடியைத் தேடி எடுத்து மூடினார்.

“பேரு கிடக்கட்டும். நீ ஃபேனப் போடு.”