காது உடைந்த குதிரைகள்

சைக்கிளின் முன்சக்கரம் ஈரமணலில் இறங்கி நின்றது. அலை வந்து டயரைத் தொட்டது. போயிற்று.

அவர் இறங்கவில்லை. இன்னொரு அலை வரட்டும் என்று காலை ஊன்றி நின்றார்.

பதின்மூன்று நாள். ஓசூரிலிருந்து தொண்டிக் கடல் வரை. துணை இல்லை. யாரிடமும் வழி கேட்கவில்லை.

பின்னால் கார் கதவு சாத்தும் சத்தம். சுகந்தி. மகள். திருச்சியிலிருந்து விடியும் முன்பே கிளம்பி வந்து காத்திருக்கிறாள்.

அவளோடுதான் பந்தயம். தனியாக, யாரிடமும் வழி கேட்காமல் கடலைத் தொட்டுவிட்டால் ஓசூர் வீட்டை விற்கும் பேச்சை அவள் எடுக்கக் கூடாது. தொடாவிட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு அவளோடு போய்விட வேண்டும். கேஸ் அடுப்பை இரண்டு முறை அணைக்க மறந்தவருக்கு அவள் கொடுத்த ஒரே வாய்ப்பு.

"தொட்டாச்சு. பாத்துக்க" என்றார்.

"பாத்தேன்பா."

அவள் சிரிக்கவில்லை. தூக்கம் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சைக்கிளைக் காருக்குள் ஏற்ற வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றினார். ஹேண்டில்பாரைத் திருப்பினார். கை வேலை செய்ய, வாய் பேசிக்கொண்டே இருந்தது. முப்பத்தைந்து வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக். விளக்கம் சொல்லாமல் அவரால் ஒரு திருகைக்கூடத் திருக முடியாது.

சைக்கிள் பேசும். செயின் காய்ந்தால் கீச்சென்னும். ஸ்போக் தளர்ந்தால் சுற்றுக்கு ஒரு முறை டிக்கென்னும். மிதிக்காமல் விட்டால் பின்சக்கரத்துக்குள் குட்டிப் பற்கள் வழுக்கிக் கடகடவென்று ஓடும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தப் பயணம் முழுக்க ஒரு சத்தம் இருந்தது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், லொட். மட்கார்டு, கேரியர், பெடல், எல்லாம் பார்த்தாகிவிட்டது. பிடிபடவில்லை.

அது ஒன்றுதான் குறை. மற்றதெல்லாம் அப்படியே நினைவில் இருந்தது. தொப்பூர் இறக்கம். காவிரிப் பாலத்து எதிர்க்காற்று. எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஒன்பதாம் நாள். புதுக்கோட்டை தாண்டி ஒரு கண்மாய். அவ்வளவு பெரிய கண்மாயை அவர் கண்டதே இல்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை மிதித்தார். வலக்கைப் பக்கம் தண்ணீர் தீரவே இல்லை.

ஆடு மேய்த்த பெண்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கையாட்டினார்கள். நின்றால் வழி கேட்டதாகிவிடும். நிற்காமல் அவரும் கையாட்டினார்.

கரை நெடுக அய்யனார் கோயில்கள். நான்கு. நான்கிலும் மண் குதிரைக்கு இடது காது இல்லை.

அன்றிரவு போனில் சுகந்தியிடம் காரணமும் சொன்னார். குதிரையில் காதுதான் மெல்லிசு. உடம்பு காயும் முன்பே அது காய்ந்துவிடும். சூளையில் அங்கேதான் விரிசல் விடும். அந்தப் பக்கத்தில் குதிரை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்.

அவள் "ம்" என்றாள்.

இப்போது பின்விளக்கு கார்க் கதவில் இடித்தது. அதையும் கழற்றினார். பயணத்துக்கென்று சுகந்தி வாங்கிப் பூட்டித் தந்தது. புதுசு.

கையில் எடுத்ததும், லொட்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்குள்ளதான் இருந்திருக்கு, பாரேன்."

"அப்பா, அத விடுங்க."

இரண்டு திருகு. மூடியைத் திறந்தார். பாட்டரிக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஒட்டு விட்டுப்போய் ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கியது.

அவருக்கு உடனே விளங்கியது. இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோளிடம் கேட்டு, அவள் போனுக்குச் சொல்லும். இரும்புக் குழாய்க்குள் வைத்திருந்தால் சிக்னல் எடுக்காது. பிளாஸ்டிக்குக்குள் வைத்திருக்கிறாள். விளக்கின் சார்ஜிலேயே ஓடும். இரவுதோறும் சார்ஜ் போட்டது அவர்தான்.

"நல்ல எடமா பாத்துதான் வச்சிருக்க" என்றார். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. "கோடு விழுந்திருக்கும்ல. காட்டு."

"வேணாம்பா. நீங்கதான் வந்து சேந்துட்டீங்களே. வீட்டுப் பேச்ச நான் எடுக்க மாட்டேன்."

"காட்டு, சுகந்தி."

காட்டினாள்.

நீலக் கோடு. ஓசூரில் தொடங்கி இறங்கியது. விரலை வைத்து அதன் கூடவே வந்தார். தொப்பூர். பாலம். மணப்பாறை. புதுக்கோட்டை தாண்டியதும் கோடு ஓரிடத்தில் தடித்திருந்தது. இரண்டு விரலால் விரித்தார்.

ஒரு சின்னக் கண்மாய். அதைச் சுற்றி நீல வட்டம். வட்டத்தின் மேல் வட்டம்.

"அன்னைக்கு நான் கார எடுத்துட்டேன்பா. பாதி வழியில பாத்தா, நீங்களே மெயின் ரோடு ஏறிட்டீங்க."

அவர் இன்னும் விரித்தார். கரையில் ஒரு கோயில் குறி.

ஒன்றுதான்.

வட்டங்களை எண்ணினார். அவசரப்படவில்லை. நான்காவதில் விரல் நின்றது.

போனைத் திருப்பிக் கொடுத்தார். பஞ்சருக்கென்று வைத்திருந்த பழைய டியூப் துண்டைப் பையிலிருந்து எடுத்தார். அளவு பார்த்து வெட்டினார். கறுப்புப் பெட்டியை விளக்குக்குள் இருந்த இடத்திலேயே வைத்து, சுற்றிலும் ரப்பரைச் செருகினார். மூடி. இரண்டு திருகு.

காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

சத்தம் இல்லை.

விளக்கைச் சைக்கிளில் மாட்டவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.