தின்னர் வாசம்

"அந்தப் பெட்டிய நிறுத்து லா, கீத்!" பட்டறை வாசலில் பெட்ரீசியா அக்காவின் குரல் ஜெலாப்பாங் வட்டாரம் முழுக்கக் கேட்டது.

தின்னரில் சாயம் கரைத்துக் கார்களுக்கு அடிக்கும் கீத்துக்கு எரிச்சல். "தின்னர் நாத்தம் தாங்கலன்னு தெருவெல்லாம் கையெழுத்து வாங்கினது நீங்கதானே, அக்கா? நேத்துதான் பெட்டிய ஓட விட்டேன். உள்ள பிளாட்டினம் பூசின தட்டு, ஆவிய எரிச்சு நாத்தமே இல்லாம பண்ணுது. இப்ப என்ன குறை?"

அக்காவுக்குச் சண்டைக்கு ஒரு சாக்கு வேண்டும். அவர் கணவர் லியோனார்ட் தினமும் சாயங்காலம் பட்டறையைத் தாண்டி நடந்தாலும் ஒருவரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார். அந்தத் திமிர் தெருவுக்கே தெரியும்.

"அண்ணே எங்க, இன்னிக்கு நடக்க வரல?" கீத் கேட்டான்.

"ஆஸ்பத்திரியில. இனிப்பு நீர் வியாதில கண்ணு போயி ரெண்டு வருஷமாச்சு, வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாரு. தின்னர் வாசம் வர்ற இடத்துலதான் வீட்டுக்குத் திரும்புவாராம். இந்த வாசக் கணக்க எனக்கே நேத்துதான் சொன்னாரு. நேத்து வாசம் இல்ல. நேரா பெரிய ரோட்டுக்குப் போயிட்டாரு, மோட்டார் சைக்கிள் இடிச்சு கால் முறிஞ்சிருச்சு. குணமானதும் திரும்ப நடப்பேங்கிறாரு."

தெருவே மனு கொடுத்த பிறகு, பெட்டியை நிறுத்தினால் பட்டறை நடத்தும் அனுமதி போய்விடும். கீத் வாசலில் ஒரு டின் தின்னரைத் திறந்து வைத்தான்.

ஒரு மாதத்தில் அது காய்ந்து போனது. லியோனார்டும் அக்காவும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் குனோங் ராபாட்டில் இருக்கும் மகள் ஜூலியானா வீட்டுக்கே குடிபோய்விட்டார்கள்.