ஆறு மணி விசில்

பால்கனியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மனைவி, ஏரியைப் பார்த்தபடி நிதானமாக டீயை உறிஞ்சினாள். கணவர் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"அந்த விரிசலைக்கூட விடலையே! அச்சு அசலா அப்படியே இருக்கு."

சுற்றுலாவுக்காகக் கட்டிய அந்த நகல் கிராமத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த கைடுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"எங்க முதலாளி அசல் மலைக்கிராமத்துக்கே ஆள் அனுப்பி வீடு வீடா அளவெடுத்துக் கட்டினாரு சார். ஏரிகூட நாங்க வெட்டினதுதான். நிஜ ஊருக்குப் போனா ஏரியைப் பார்க்க முடியாது. ஏரியைப் பார்க்கிறவங்க முதுகைத்தான் பார்க்கலாம்."

"அதுவும் செல்ஃபி குச்சி கண்ணைக் குத்தாம இருந்தா" என்றாள் மனைவி.

"அடடே, போயிருக்கீங்களாம்மா?"

"அந்தக் கொடுமையை ஏன் கேக்கிறீங்க தம்பி! துணி காயப்போட்டா படம் எடுக்கிறாங்க. வாசலுக்கு வந்தா, 'கொஞ்சம் உள்ளே போங்க, படத்துல விழறீங்க'ன்னு விரட்டுறாங்க."

கைடு குழம்பினார். "சுத்திப் பார்க்கப் போன இடத்துல துணி எதுக்கும்மா காயப்போட்டீங்க?"

"சுத்திப் பார்க்கவா? நீங்க அளவெடுத்த இந்த வீடே எங்க வீடுதான். இருபது வருஷமா அங்கதான் குடியிருக்கோம். நம்ம பால்கனியில நிம்மதியா ஒரு டீ குடிக்கணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தோம்."

கீழே காவலாளி விசில் ஊதினார். "மணி ஆறாச்சு! எல்லாரும் கிளம்புங்க!"

கூட்டம் முணுமுணுத்தபடியே வாசலை நோக்கி நகர்ந்தது. கணவர் வாயைப் பிளந்தார்.

"இங்க பாரு, போகச் சொன்னா போறாங்க!"

மனைவி கைடின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, எங்க ஊரையே நீங்க காப்பியடிச்சுட்டீங்க. அந்த விசிலை மட்டும் நாங்க காப்பியடிச்சுக்கட்டுமா?"