இறக்கைக்காரி

"ஏலே ரோச், நீ கழுத்துல போட்டிருக்கது சம்மனசு இல்லல. பிசாசு!"

இரும்புக்கடை பிச்சையா அண்ணாச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னார். படகுத்துறை விளிம்பில் உட்கார்ந்து வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்த ரோச்சுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"எங்கப்பா சங்கு குளிக்கையில கடலுக்கடியில எடுத்தது அண்ணாச்சி. வானதூதர் கணக்கா ரெண்டு இறக்கை இருக்குல்லா? இதை உதட்டுல வச்சு முத்தி பண்ணிட்டுத்தான் நான் தொழிலுக்கே போவேன்."

பிச்சையாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அது அசல் ரோமாபுரி வெண்கலக் காசு. ஜூபிடர், மார்ஸ், சூரியன் என்று அவர் சேகரிப்புப் பெட்டியில் ரோமாபுரிச் சாமிகள் பலர் குடியிருந்தார்கள். விக்டோரியா என்ற இந்த வெற்றித் தேவதை மட்டும்தான் பாக்கி.

இவள் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நாசரேத் ஊரில் நடக்கும் நாணயக் கண்காட்சியில் முதல் பரிசு அவருக்குத்தான். விலை கேட்டால் பயல் உஷாராகிவிடுவானே என்று, ஒரு வாரமாக முந்திரி மக்ரூன் பொட்டலத்தோடு நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

"இது ரோமாக்காரன் கும்பிட்ட சாமிடே. இயேசுவைச் சிலுவையில அறைஞ்சது யாரு? அந்த ரோமாக்காரன்தானே! அவன் சாமியை நீ நெஞ்சுல தொங்கப் போடலாமா? கழட்டி எங்கிட்டக் கொடு, கண்காணாம ஒழிச்சிடுதேன்."

"பிசாசைக் கண்டுபிடிக்கவா அண்ணாச்சி இம்புட்டு மக்ரூன் வாங்கியாந்தீக?"

"எல்லாம் உன் நன்மைக்குத்தாம்ல" என்று சமாளித்தார் பிச்சையா.

ரோச்சின் முகம் கறுத்தது. மடியில் கிடந்த குண்டுகள் உருள எழுந்து, கயிற்றோடு காசைக் கழற்றினான். அண்ணாச்சிக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்று, சிலுவை போட்டுக்கொண்டான்.

"அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?"

கையை ஓங்கி வீசினான். தண்ணீரில் 'பொளக்' என்று சத்தம் கேட்டது.

"அடப்பாவி! என் வீட்டை வித்தாலும் இப்படி ஒண்ணு கிடைக்காதேல!" என்று அலறிய பிச்சையா, சலவை வேட்டியோடு கடலில் குதித்தார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, அழாத குறையாகச் சேற்றை அள்ளி அள்ளித் துழாவினார்.

ரோச் பொட்டலத்தைப் பிரித்தான். ஒரு மக்ரூனை வாயில் போட்டு நிதானமாகக் கரைத்து விழுங்கினான். பிறகு குனிந்து எட்டிப் பார்த்தான்.

"கரையேறுங்க அண்ணாச்சி, நான் எறிஞ்சது ஈயக்குண்டு."