சிவப்பு ரிப்பன்

"சிவப்பா, பச்சையா? சட்டுன்னு சொல்லு மக்கா, இலை போட்டாச்சு!"

மாணவர் சங்கச் செயலாளர் மோகனன் இரண்டு கையிலும் ரிப்பன் துண்டுகளோடு அவசரப்படுத்தினான். தமிழ்ப் பையன் என்றால் சிவப்பு, மலையாளி என்றால் பச்சை.

"பச்ச. நான் மலையாளியாக்கும்" என்றான் சதாசிவன். அச்சு அசல் பாறசாலைத் தமிழன் அவன்.

மோகனன் பெருமூச்சு விட்டபடி பச்சையை அவன் சட்டையில் குத்திவிட்டான். பெருமூச்சு எதற்கு என்று சதாசிவனுக்குப் புரியவில்லை.

எல்லாம் பிரின்சிபாலின் சமத்துவப் பந்தி செய்த வேலை. போன வருஷம் ஜாதி பார்க்காமல் மாணவர்களை ஒரே வரிசையில் உட்கார்த்திச் சாப்பிட வைத்தார். இந்த வருஷம் 1954. திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. மனிதர் பாஷையைப் பிடித்துக்கொண்டார். ஒரு தமிழனும் ஒரு மலையாளியும் ஜோடியாக உட்கார வேண்டும். சாப்பிட்டதும் ஒருவரை ஒருவர் மற்றவர் பாஷையில் சபைக்கு அறிமுகம் செய்ய வேண்டும்.

லீவு முடிந்து காலேஜ் தொடங்கிய புதிது. முதல் வருஷப் பையன்களில் யாருக்கும் யாரையும் தெரியாது. சதாசிவனுக்கு அதுவே சௌகரியமாகப் போயிற்று. அவன் அண்ணன் பரமசிவன் போராட்டத்தில் இறங்கி, போலீஸுக்குத் தப்பி அம்பூரி ரப்பர் தோட்டத்தில் ஒளிந்திருந்தான்.

"அங்க போயி வாயத் தொறந்து தமிழ் பேசிராத மக்கா. அண்ணன் எங்கடேன்னு ஒன்னயும் தூக்கிட்டுப் போவானுவ" என்று அம்மா சரோஜம் காலையில்கூட அழுதிருந்தாள்.

பக்கத்து இலையில் சிவப்பு ரிப்பனோடு ஒருவன் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"பேரு எந்தா?" என்றான் சதாசிவன், நல்ல மலையாளியாக.

"தாணு."

"நாடு எவிடே?"

"தோவாளை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடலுக்குப் பக்கம்" என்றான்.

சதாசிவன் முழித்தான். தோவாளையில் மலை உண்டு, பூந்தோட்டம் உண்டு. கடல் எப்போது வந்தது? வாய்விட்டுக் கேட்கவும் வழியில்லை. மலையாளிக்குத் தோவாளையைப் பற்றி என்ன இத்தனை அக்கறை என்று அவன் திருப்பிக் கேட்டால்?

"வீட்டுல ஆரெல்லாம் உண்டு? சேட்டன் உண்டா?" என்றான் தாணு.

சதாசிவன் எடுத்த உருண்டையை இலையிலேயே போட்டான். அண்ணனைப் பற்றி இவன் ஏன் விசாரிக்கிறான்?

"இல்ல. ஞான் ஒராள் மாத்ரம்" என்று சமாளித்தான்.

அறிமுகப் படலம் வந்தது. சதாசிவன் எழுந்து, வேண்டுமென்றே தடுமாறித் தமிழில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அடுத்துத் தாணு எழுந்தான். மலையாளம் மடை திறந்தாற்போல் கொட்டியது. பந்தியே கை தட்டியது.

"ஒரு தமிழ்ப் பையன் என்ன அழகா மலையாளம் பேசுகிறான் பாருங்கள்! இதுதான் ஒற்றுமை!" என்று பிரின்சிபால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சதாசிவன் கூட்டிப் பார்த்தான். இல்லாத கடல், தடதடக்கும் மலையாளம், அண்ணனைப் பற்றிய கேள்வி. சி.ஐ.டி.யேதான்!

கையைக் கழுவிவிட்டு நழுவப் பார்த்தால், வாசலில் நிஜமாகவே போலீஸ் நின்றது. குளத்தூரில் போராட்டக்காரர் யாரோ பஸ்ஸின் மேல் கல் எறிந்துவிட்டார்களாம்.

"சிவப்புக்காரனெல்லாம் இங்கோட்டு மாறி நில்லு! பச்சைக்காரனுக்குப் போகாம், போ!" என்று உறுமினார், வாசலிலேயே ரிப்பன் கணக்கைக் கேட்டு வைத்திருந்த இன்ஸ்பெக்டர். "ஒருத்தனும் வாயத் தொறந்து மிண்டப்பிடாது. மிண்டினா பல்லு போயிரும்!"

ஒரு போலீஸ்காரர் தாணுவின் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார். தாணுவின் முகம் வெளுத்துவிட்டது.

சதாசிவன் குழம்பினான். சி.ஐ.டி.யைப் போலீஸ் இப்படியா இழுக்கும்? அப்படியானால் இவன் உண்மையான தமிழன்! இத்தனை பயத்தோடும் சிவப்பைக் குத்திக்கொண்டு வந்திருக்கிறான். பச்சைக்குள் பதுங்கிய தன்னை நினைக்க அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மாவின் அழுத முகம் கண்முன் வந்து நின்றது. ஆனாலும் கால் வாசலைத் தாண்ட மறுத்தது.

பச்சை ரிப்பனைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தாணுவின் பக்கத்தில் போய் நின்றான்.

"நானும் தமிழன்தான் ஏமானே."

தாணு அவனைத் திரும்பிப் பார்த்தான்.

அதற்குள் மோகனன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஏமானே, இவன்மார விட்டிருங்க! சிவப்புல ஒருத்தன்கூட தமிழன் இல்ல. தமிழ்ப் பிள்ளையளெல்லாம் பயந்து பச்சயக் கேட்டுக் குத்திக்கிட்டானுவ. பந்தி நின்னுட்டா பிரின்சிபால் சங்கடப்படுவாரேன்னு, நம்ம மலையாளிப் பயக்களக் கெஞ்சி நான்தான் சிவப்பக் குத்திவிட்டேன். இவன் தாணுவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கடலோரப் பூவார் கிருஷ்ணன்குட்டி!"

இன்ஸ்பெக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாரும் போங்கடா!" என்றவர், சதாசிவனைப் பார்த்து விரலை நீட்டினார். "நீ நில்லு."

சிவப்பு வரிசை சிட்டாகப் பறந்தது. சதாசிவன் தனியாக நின்றான். காலையிலிருந்து புரியாததெல்லாம் இப்போது ஒன்றுவிடாமல் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்?

நாலடி போன கிருஷ்ணன்குட்டி நின்றான். திரும்பி வந்து சதாசிவனின் தோளோடு தோள் இடிக்க நின்றுகொண்டான்.

"உன்னைப் போகச் சொல்லியாச்சே கிருஷ்ணன்குட்டி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆரு கிருஷ்ணன்குட்டி? எம்பேரு தாணுவாக்கும் ஏமானே. ஊரு தோவாளை... கடலுக்குப் பக்கம்."